நேரிலி ஒளியியலும் காபன் சங்கிலியும்

நம் கல்லூரி அன்னையின் விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் எம்மைக் கேட்டபோது, தமிழாசிரியராகிய எம்மிடமிருந்து சங்கச் செய்யுள் பற்றியோ நாவலர் பெருமானின் பணி பற்றியோ ஒன்றை அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். ஆயின் நாம் ஈண்டு எழுதப் புகுந்தது பௌதிகவியலும் இரசாயனவியலும் சந்திக்கும் ஒரு துறையைப் பற்றியதாகும். அதற்குக் காரணம் ஒரு கடன். அக்கடன் யாதென்பதை முதலிற் கூறிவிடுதலே முறை.

2016ஆம் ஆண்டில் நம் மாணவர் வெளியிட்ட மலரின் தமிழ்ப் பகுதியைத் திருத்தும் பொறுப்பு எம்மிடம் இருந்தது. உயர்தர வகுப்பிற் கணிதப் பிரிவிற் பயின்ற மாணவர் ஒருவர், ‘சேதனப் பல்பகுதியங்களின் நேரிலி ஒளியியல்’ என்னுந் தலைப்பிற் கட்டுரையொன்று எழுதித் தந்தார். ‘நேரிலி’ என்ற சொல்லைக் கண்டதும் எம் சிந்தை பக்திப் பாடல்களின்பாற் சென்றது. நேர் என்பது ஒப்பு. நேரிலி என்பது ஒப்பிலாப் பொருள். இறைவனுக்குரிய அடையை ஒளியியலுக்குக் கொடுப்பது மிகையென எண்ணினோம். எனினும் எழுதியவர் விருப்பை முற்றுங் கெடுத்தலாகாதெனக் கருதி, வந்த இடமெல்லாம் அச்சொல்லைச் சிவப்பு மையால் வெட்டி, ‘நிகரற்ற ஒளியியல்’ என மாற்றினோம். மலரும் அவ்வாறே அச்சேறிற்று.

மலர் வெளிவந்த மறுநாள் அம்மாணவர் ஆசிரியர் அறைக்கு வந்தார். “ஐயா, நேர்விகிதம் இல்லாதது என்ற பொருளிலேதான் நேரிலி என்று எழுதினேன்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. கோபித்திருந்தாலாவது எமக்கு ஆறுதலாயிருந்திருக்கும். எழுதியவரை ஒரு வார்த்தை கேளாமல் வெட்டியது எமது கை. அன்று தொட்டு, பௌதிகவியல் கற்பிக்கும் நண்பரின் துணையுடன் இப்பொருளைச் சிறிது சிறிதாகக் கற்று வந்தோம். கற்றதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நேர்விகிதம் என்பது யாது?

கடைத்தெருவில் விற்றராசு ஒன்றைக் காண்க. ஒரு கிலோவைத் தொங்கவிட்டால் வில் ஓரளவு நீளும். இரண்டு கிலோவைத் தொங்கவிட்டால் இருமடங்கு நீளும். விசைக்கு ஏற்ற நீட்சி, இதுவே நேர்விகிதம். ஆயின் அத்தராசில் ஒரு மூட்டை அரிசியைத் தொங்கவிட்டால் என்னாகும்? வில் தன் ஒழுங்கை இழக்கும். நீட்சி விசைக்கு நேராக அமையாது. அந்நிலையே நேரிலி நிலை.

ஒளி பொருளினூடு செல்லும்போதும் இவ்வாறே நிகழ்கின்றது. ஒளி என்பது மின்புலமும் காந்தப்புலமும் கூடி அலையும் ஓர் அலை. பொருளின் அணுக்களிலுள்ள இலத்திரன்களை அம்மின்புலம் இப்புறமும் அப்புறமும் அசைக்கின்றது. இவ்வசைவால் உண்டாகும் மின்னேற்றப் பெயர்ச்சியை முனைவாக்கம் என்பர். அசையும் இலத்திரன்கள் தாமும் ஒளியை உமிழும். கண்ணாடியில் ஒளி வேகங் குறைந்து முறிவடைவதும் இதனாலேயே.

நாம் அன்றாடங் காணும் ஒளி மிக மெலிந்தது. உச்சி வெயில் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஏறக்குறைய 1000 உவாற்று வலுவைச் சொரிகின்றது. அவ்வொளியின் மின்புலம் மீற்றருக்கு ஏறக்குறைய 870 வோல்ற்று. ஐதரசன் அணுவினுள் இலத்திரனைக் கட்டிவைத்திருக்கும் மின்புலமோ மீற்றருக்கு ஏறக்குறைய 500,000,000,000 வோல்ற்று. கட்டிய கயிற்றின் வலிமையில் அறுபது கோடியில் ஒரு பங்களவே வெயில் இழுக்கின்றது. எனவே இலத்திரன் விற்றராசு போல் ஒழுங்காக அசைகின்றது. இருளில் இரண்டு மின்சூள்களின் ஒளிக்கற்றைகளைக் குறுக்கே செலுத்தினால் ஒன்றையொன்று தீண்டாதனபோற் கடந்து செல்லும். பள்ளிக்கூடத்தில் நாம் கற்ற ஒளியியல் யாவும் இந்நேர்விகித உலகத்து ஒளியியலே.

ஒரு புள்ளியின் கதை

அவ்வுலகின் எல்லையைக் கடப்பதற்கு லேசர் வேண்டியதாயிற்று. 1960ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் நாள் கலிபோர்னியாவில் தியோடர் மைமன் என்பார் முதல் லேசரை ஒளிரச் செய்தார். அதன் உள்ளீடு செயற்கையாக வளர்த்த ஒரு மாணிக்கக் கல். நம் நாட்டு இரத்தினபுரி மண்ணில் விளையும் மாணிக்கத்தின் இனமே அது. செந்நிறத்தைத் தரும் குரோமியமே அங்கும் ஒளியைத் தந்தது.

அடுத்த ஆண்டு, 1961இல், மிச்சிகன் பல்கலைக்கழகத்திற் பீற்றர் பிராங்கன் என்பாரும் அவர்தம் கூட்டாளரும் மாணிக்க லேசரின் செவ்வொளியைக் குவார்ட்சுப் பளிங்கு ஒன்றினுட் குவித்துச் செலுத்தினர். உட்சென்ற ஒளியின் அலைநீளம் 694.3 நனோமீற்றர். வெளிவந்த ஒளியில் அதனுடன் 347 நனோமீற்றர் அளவிலான ஒளியும் மிக நுண்ணிய அளவிற் காணப்பட்டது. அலைநீளம் பாதியாயின் மீடிறன் இருமடங்கு. வீணை நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் மேற்சட்சம் எழுமன்றோ? அதுபோல, ஒளி என்னும் நரம்பின் மேற்சட்சத்தை மனிதர் முதன்முறை கண்டது அன்றுதான்.

அதற்குச் சான்றாக அவர்கள் எடுத்த ஒளிப்படத்தில், மாணிக்க ஒளி பெரிய வெண்புள்ளியாகவும், புதிய ஒளி கண்ணுக்குப் புலப்பட்டும் படாததுமான சிறு புள்ளியாகவும் பதிந்திருந்தன. கட்டுரை ஆய்விதழுக்குச் சென்றது. இதழ் அச்சாகி வந்தபோது படத்தில் அம்பு அடையாளம் இருந்தது. அம்பு சுட்டிய புள்ளி இல்லை. தூசியினால் வந்த கறையெனக் கருதி அச்சுப்பணியில் அதனை நீக்கிவிட்டனர் என்பர். கண்டுபிடிப்பைச் சொல்லும் கட்டுரையிற் கண்டுபிடிப்பே அழிந்துபோயிற்று.

இச்செய்தியைப் படித்தபோது நாம் சிரிக்கவில்லை. புள்ளியின் அருமை தமிழ் படித்தவனுக்குத் தெரியும். மெய்யின் தலையிலுள்ள புள்ளி போனால் மெய் உயிர்மெய்யாகிவிடும். ஏட்டுச் சுவடிகளில் எழுத்தாணி ஓலையைக் கிழிக்குமென்று அஞ்சிப் பெரும்பாலும் புள்ளி இடார். அவ்வேடுகளை அச்சேற்றிய நம் சிறுப்பிட்டிச் சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் எவ்விடத்திற் புள்ளி உண்டு, எவ்விடத்தில் இல்லை என்று எத்துணை நாள் மயங்கி நின்றிருப்பர்! அவர்கள் வழிவந்த நாம் ஒரு நொடியில் ‘நேரிலி’யை வெட்டினோம்.

மாலைமாற்றும் பளிங்கும்

பிராங்கன் குவார்ட்சைத் தெரிந்தெடுத்தது தற்செயலன்று. திருஞானசம்பந்தர் அருளிய மாலைமாற்றுப் பதிகத்தை நம் மாணவர் அறிவர். முதலிலிருந்து படித்தாலும் ஈற்றிலிருந்து படித்தாலும் அதன் அடிகள் ஒன்றாகவே இருக்கும். பொருள்களிலும் மாலைமாற்றுப் போன்றவை உள. ஒரு நடுப்புள்ளியைக் கொண்டு எதிரெதிராகத் திருப்பினும் அவற்றின் அணுவமைப்பு மாறாது. கண்ணாடியும் நீரும் இவ்வினத்தின.

இத்தகைய பொருளில் மின்புலம் வலப்புறம் தள்ளும்போது இலத்திரன் எவ்வளவு நகருமோ, இடப்புறம் தள்ளும்போதும் அவ்வளவே எதிர்ப்புறம் நகரும். புலத்தின் வர்க்கத்துக்கு ஏற்ற அசைவோ வலம் தள்ளினும் இடம் தள்ளினும் ஒரே பக்கம் நோக்குவது. எதிர்க்குறியின் வர்க்கமும் நேர்க்குறியே அன்றோ? ஆகவே அது மாலைமாற்றுப் பொருளில் இடம்பெறாது. இருமடங்கு மீடிறனும் அதனுள் எழாது. குவார்ட்சோ மாலைமாற்று அன்று. ஆதலின் அது மேற்சட்சம் பாடிற்று. இன்று பச்சைக் கதிர்ச்சுட்டிகள் பலவற்றினுள் 1064 நனோமீற்றர் அளவிலான கட்புலனாகா ஒளியை 532 நனோமீற்றர்ப் பச்சை ஒளியாக மாற்றும் பளிங்கும் இவ்வினத்ததே.

புலத்தின் கனத்துக்கு ஏற்ற அசைவுக்கு இத்தடை இல்லை. எதிர்க்குறியின் கனம் எதிர்க்குறியே. ஆதலின் மூன்றாம்படி நேரிலித் தன்மை எல்லாப் பொருள்களுக்கும் உண்டு. அதன் விளைவுகள் இரண்டு. மும்மடங்கு மீடிறனுடைய ஒளி பிறத்தல் ஒன்று. ஒளியின் செறிவுக்கு ஏற்பப் பொருளின் முறிவுச் சுட்டி மாறுதல் மற்றொன்று. மின்புலத்தாற் கண்ணாடியின் ஒளியியல் தன்மை மாறுதலை 1875ஆம் ஆண்டிற் கண்டவர் ஸ்கொத்லாந்து நாட்டினரான யோன் கேர். பின்னாளில், ஒளி தன் சொந்த மின்புலத்தாலேயே இம்மாற்றத்தைச் செய்யுமென அறிந்தனர். இந்நிலையில் ஒளி தான் செல்லும் பாதையைத் தானே மாற்றுகின்றது. ஓர் ஒளிக்கற்றை மற்றொன்றுக்கு வழி திறக்கவும் அடைக்கவும் வல்லதாகின்றது. மின்சூள் கற்றைகள் தீண்டாது கடந்தன என்றோமன்றோ? ஈண்டு அவை ஒன்றையொன்று தீண்டுகின்றன.

பனம்பழமும் காபன் சங்கிலியும்

எல்லாப் பொருள்களுக்கும் உண்டெனினும், பெரும்பாலானவற்றில் இத்தன்மை மிகச் சிறிது. இலத்திரன் எங்கே நெகிழ்ந்து ஓடுமோ அங்கே அது பெரிதாகும். அத்தகைய இடம் ஒன்றை நம் பனந்தோப்பிலேயே காணலாம்.

பனம்பழக் களியின் செம்மஞ்சள் நிறத்துக்குக் காரணம் கரற்றீன் இனத்துப் பொருள்கள். பீற்றாக் கரற்றீன் மூலக்கூறில் 40 காபன் அணுக்களும் 56 ஐதரசன் அணுக்களும் உள. அதன் முதுகெலும்பு போன்ற நீண்ட சங்கிலியில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் ஒன்றுவிட்டொன்றாக அமைந்துள்ளன. இரட்டைப் பிணைப்புகளின் தொகை 11. இவ்வாறமைந்த சங்கிலியை இணைபிணைப்புச் சங்கிலி என வழங்குவோம்.

காபன் அணுவுக்கு நான்கு கைகள். சங்கிலியில் நிற்கும் காபன் மூன்று கைகளால் அயலாரை இறுகப் பற்றிக்கொள்ளும். நான்காம் கைக்குரிய இலத்திரன் சங்கிலியின் தளத்துக்கு மேலும் கீழும் முகில்போற் பரந்திருக்கும். அயலிலுள்ள முகில்கள் ஒன்றோடொன்று கலத்தலால், அவ்விலத்திரன் தன் அணுவுக்கு மாத்திரம் உரியதாயிராது, சங்கிலி வழியே பரவி நிற்கும். தனித்து நின்ற எழுத்துகள் புணர்ந்து சொல்லானபின் ஓசை ஒன்றாய் ஓடுவதுபோல என்க.

தட்டொன்றிற் சிறு கிண்ணங்கள் பலவற்றில் நீர் நிரப்பிச் சற்றே சாய்ப்போமாயின், ஒவ்வொரு கிண்ணத்திலும் நீர் சிறிதளவே ஒதுங்கும். அதே நீரை நீண்ட தொட்டியொன்றில் ஊற்றி அவ்வளவே சாய்ப்பின் நீர் முழுதும் ஓடி ஒரு முனையிற் குவியும். தனிப் பிணைப்புகளிற் கட்டுண்ட இலத்திரன்கள் கிண்ணத்து நீர்; இணைபிணைப்புச் சங்கிலியின் இலத்திரன்கள் தொட்டி நீர். ஓடிச்சென்ற நீர் முனைச் சுவரில் மோதும்போது, சாய்வுக்கும் நகர்ச்சிக்கும் உள்ள நேர்விகிதம் குலைகின்றது.

பீற்றாக் கரற்றீனின் நேரிலித் தன்மையை 1973இற் பிரான்சு நாட்டு அறிஞர் அளந்து வெளியிட்டனர். 1974இல் இந்தியரான ருஸ்தகியும் பிரான்சியரான துக்குயிங்கும், சங்கிலியின் நீளத்தோடு மூன்றாம்படி நேரிலித் தன்மை எவ்வாறு வளருமெனக் கணித்தனர். அவர்தம் எளிய கணிப்பின்படி அது நீளத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏற்ப வளரும். நீளம் இருமடங்காயின் விளைவு 32 மடங்கு. ஆயின் இவ்வளர்ச்சி முடிவின்றிச் செல்வதில்லை. மெய்யான சங்கிலியில் ஒற்றைப் பிணைப்பு சற்று நீண்டும் இரட்டைப் பிணைப்பு சற்றுக் குறுகியும் இருப்பதால் இலத்திரன்களின் ஓட்டத்துக்கு ஓர் அளவு உண்டு. சில பத்து இரட்டைப் பிணைப்புகளுக்கு அப்பால் நீளத்தைக் கூட்டுவதாற் பெரும்பயன் இல்லை.

தவறிப் பிறந்த வெள்ளி ஏடு

கரற்றீன் ஒரு குறுஞ்சங்கிலி. இத்தகைய சங்கிலிகளை ஆயிரக்கணக்கான அணுக்கள் தொடர நீட்டினாற் பெறுவன இணைபிணைப்புப் பல்பகுதியங்கள். அவற்றுள் எளியது பொலிஅசற்றிலீன். அது நெடுங்காலம் கரைக்கவும் உருக்கவும் இயலாத கரிய தூளாகவே அறியப்பட்டிருந்தது. 1967இல் யப்பானில், தோக்கியோ தொழினுட்ப நிறுவனத்தில், சிரக்காவா என்பாரின் ஆய்வகத்தில் ஒரு தவறு நேர்ந்தது. இடவேண்டிய ஊக்கியின் அளவைப்போல் ஆயிரம் மடங்கை இட்டுவிட்டனர். தூளுக்குப் பதிலாக வெள்ளிபோல் மின்னும் மெல்லிய ஏடு பாத்திரத்திற் படிந்தது. கெட்டுப்போன செய்முறையென அதனை வீசிவிடாது, சிரக்காவா அதனை ஆராய்ந்தார். 1977இல் அவரும் அமெரிக்க அறிஞரான மக்டயமிட், ஹீகர் ஆகியோரும் அவ்வேட்டில் அயடீனைச் சேர்த்து, அதன் மின்கடத்துதிறனை ஒரு கோடி மடங்களவுக்கு உயர்த்திக் காட்டினர். 2000ஆம் ஆண்டில் மூவருக்கும் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

மிச்சிகனிலிருந்து வந்த புள்ளி மெய். அதனைப் பிழையென அழித்தனர். தோக்கியோவில் நேர்ந்தது பிழை. அதனை மெய்க்கு வாயிலாக்கினர். இரண்டையும் பிரித்தது அறிவின் மிகுதி குறைவு அன்று. ‘இது ஏன் இப்படி?’ என்று ஒருகணம் நின்று கேட்டமையே.

ஒளியியலுக்கு மிகவும் பயன்பட்ட பல்பகுதியம் பொலிடைஅசற்றிலீன். 1969இல் யேர்மன் அறிஞர் வெக்னர், டைஅசற்றிலீன் பளிங்குகள் வெப்பத்தாலோ கதிர்களாலோ தம் பளிங்குருக் குலையாமலே நெடுஞ்சங்கிலிகளாக மாறுவதைக் காட்டினார். அதனால் எல்லாச் சங்கிலிகளும் ஒரே திசை நோக்கி வரிசையாக நிற்கும் பளிங்கு கிடைத்தது. 1976இற் பிரான்சு, அமெரிக்க அறிஞர் கூடி அதன் மூன்றாம்படி நேரிலித் தன்மையை அளந்தபோது, சங்கிலியின் திசையில் அது புகழ்பெற்ற குறைகடத்திகளுக்கு ஒப்பாக இருக்கக் கண்டனர். ஒளியிழைகளுக்குரிய சிலிக்காக் கண்ணாடியை நோக்க, இப்பளிங்கின் முறிவுச் சுட்டி ஒளிச்செறிவால் ஆயிரக்கணக்கான மடங்கு மிகுதியாக மாறும். மேலும், ஈண்டு அசைவது பாரமான அணுக்கரு அன்று, இலகுவான இலத்திரனே. ஆதலின் இம்மாற்றம் ஒரு செக்கனின் இலட்சங் கோடியில் ஒரு பங்கிலும் குறைந்த நேரத்தில் நிகழ்ந்து முடியவல்லது.

நம்பிக்கையும் மெய்ந்நிலையும்

இச்செய்திகள் 1980களிற் பெருநம்பிக்கையை ஊட்டின. மின்னோட்டத்துக்குப் பதிலாக ஒளியாலேயே இயங்கும் கணினிகள் விரைவில் வருமென்றும், அவற்றின் ஆளிகள் இப்பல்பகுதியங்களால் ஆகுமென்றும் பலர் எழுதினர். அவ்வாறு நடக்கவில்லை. மாணவருக்கு இதனை மறைத்தல் முறையன்று.

தடைகள் பல. இச்சங்கிலிகளிற் பல கரையா, உருகா; ஆதலின் வேண்டிய வடிவிற் செய்தல் அரிது. பொலிஅசற்றிலீன் போன்றன காற்றிலுள்ள ஒட்சிசனாற் கெடும். இலத்திரன்கள் நெகிழ்ந்திருத்தலே ஒளியை உறிஞ்சவும் ஏதுவாகின்றது. ஒரு போட்டனை உறிஞ்சாத அலைநீளத்திலும் இரண்டு போட்டன்களை ஒருங்கே உறிஞ்சிவிடும். இவ்விரு போட்டன் உறிஞ்சலை மரியா கோப்பர்ட் மாயர் என்னும் அம்மையார் 1931இலேயே கணித்து எழுதியிருந்தார். கண்ணாற் காண 1961ஆம் ஆண்டும் லேசரும் வேண்டியிருந்தன. மறுபுறம், சிலிக்கா இழையின் நேரிலித் தன்மை மிகச் சிறிதெனினும், இழையைப் பல கிலோமீற்றர் நீட்டலாம். சிறுதுளி பெருவெள்ளமானது.

எனினும் கற்றவை வீண்போகவில்லை. ஒரு துறையில் இடராயிருந்த இரு போட்டன் உறிஞ்சல் மற்றொன்றில் வரமாயிற்று. 1990இற் கோர்னெல் பல்கலைக்கழகத்தினர் அதனைக் கொண்டு, உயிருள்ள இழையங்களின் உட்பகுதியைக் காணும் நுணுக்குக்காட்டியை அமைத்தனர். இணைபிணைப்புப் பாலத்தின் ஒரு முனையில் இலத்திரனை ஈயும் கூட்டத்தையும் மறுமுனையில் ஏற்கும் கூட்டத்தையும் வைத்து மூலக்கூறுகள் ஆக்கினர். அவற்றைப் பல்பகுதியத்திற் சேர்த்து, சூடாக்கி நெகிழ்த்தி, வலிய மின்புலத்தால் ஒரே திசைக்குத் திருப்பி, அந்நிலையிலேயே குளிரவைத்து உறையச் செய்தனர். மாலைமாற்றாக இருந்தது இவ்வாறு மாலைமாற்று அல்லாததாகின்றது. மின்குறிகளை ஒளியில் ஏற்றி இழைவழி அனுப்பும் கருவிகளுக்கு இத்தகைய பல்பகுதியங்கள் இன்றும் ஆராயப்படுகின்றன.

கடன் தீர்த்தல்

தமிழில் விஞ்ஞானம் எழுதப் புகும் மாணவர் இருவேறு உலகங்களின் நடுவே நிற்கின்றார். பொருளைக் கற்பிப்போர் சொல்லை ஆராய நேரமில்லை என்பர். சொல்லைக் கற்பிக்கும் எம்போல்வார் பொருளை அறியோம். அவர் தேடிக் கண்ட சொல்லை யாவரேனும் ஒருவர் கறையென்று துடைத்துவிட்டால், அடுத்த கட்டுரையை அவர் வேறு மொழியில் எழுதுவார். அல்லது எழுதாதே விடுவார். நம் மாணவர் எழுதியது நல்ல தமிழ். ‘நேர்’ என்பதற்கு ஒப்பு எனவும் ஒழுங்கான விகிதம் எனவும் இரு பொருளுக்கும் இடமுண்டு. எமக்கு ஒன்று தெரிந்திருந்தது. அவருக்கு இரண்டும் தெரிந்திருந்தன.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: சிவப்பு மையைத் தொடுமுன் எழுதியவரை அழைத்துக் கேளுங்கள். மாணவருக்கும் ஒன்று: உங்கள் சொல் வெட்டப்பட்டால், அம்மாணவர்போல வந்து கூறுங்கள், அவரினும் சற்று உரத்துக் கூறினும் குற்றமில்லை.

பழைய மாணவராகிய அவர் இம்மலரைக் காண்பார் என நம்பி, பல ஆண்டு பிந்திய இத்திருத்தத்தை ஈண்டு அச்சிடுகின்றோம். 2016ஆம் ஆண்டு மாணவர் மலரில் ‘நிகரற்ற ஒளியியல்’ என வந்துள்ள இடமெல்லாம் ‘நேரிலி ஒளியியல்’ எனத் திருத்தி வாசிக்க. பிழை எழுதியவருடையது அன்று, திருத்தியவருடையது.

நம் கல்லூரி அன்னை நீடு வாழ்க!